வானியல், வகுப்பறை, மேடை: திருகோணமலையில் இருப்பவர் எதை முதலில் எடுப்பது?

உயர்தரத்தில் கணிதப் பிரிவு செய்துவிட்டு, வானியற் பௌதிகவியலும் வேண்டும், விஞ்ஞானம் படிப்பிக்கவும் வேண்டும், நாடகத்தையும் விடமாட்டேன் என்று நிற்கும் பிள்ளைகள் திருகோணமலையில் இருக்கிறார்கள். பௌதிகவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு நியமனத்துக்குக் காத்திருப்பவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. அவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "ஒன்றைப் பிடி, மற்றதைப் பொழுதுபோக்காக வை" என்பதுதான். இந்தப் பதிலில் பாதி விஷயம் இல்லை. மூன்றையும் வைத்திருக்க முடியும். ஆனால் எதை முதலில் எடுப்பது, எதிலிருந்து சம்பளம் வருவது என்ற இரண்டையும் பிழையாகத் தீர்மானித்தால், சில வருடங்களுக்குள் மூன்றில் ஒன்று தானாகவே கழன்றுவிடும். பெரும்பாலும் கழலுவது வானியல்.

காரணம், இந்த மூன்றும் காலத்தோடு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நாடகத்தை முப்பது வயதிலும் தொடங்கலாம், இரண்டு வருடம் விட்டுவிட்டுத் திரும்பியும் வரலாம். உடம்பும் குரலும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பிறகு வழிக்கு வரும். ஆசிரியத்தொழிலுக்குள் பட்டத்தோடு எப்போதும் நுழையலாம், வர்த்தமானி அறிவித்தலில் வரும் வயதெல்லைக்குள் நின்றால் போதும். வானியற் பௌதிகவியல் அப்படியில்லை. வகையீட்டுச் சமன்பாடு, தாயக் கணிதம் (மேட்ரிக்ஸ்), புள்ளிவிபரவியல், மின்காந்தவியல், குவாண்டம் பொறிமுறை எல்லாம் தொடர்ச்சியாகப் படிக்க வேண்டியவை. நடுவில் நான்கு வருடம் விட்டவர் திரும்ப ஏறுவது மிகக் கடினம். ஆகவே கணிதம் முதலில், மற்றவை அதைச் சுற்றி. கீழே வரும் நான்கு வழிகளையும் இந்த அளவுகோலால்தான் பார்க்கிறோம்.

முதல் வழி: முழுநேர ஆராய்ச்சியாளர்

பௌதிகவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம், பிறகு வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம், அதன்பின் ஓரிரு முதுமுனைவர் ஆராய்ச்சிப் பதவிகள், கடைசியில் விரிவுரையாளர். அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்குப் பொதுவாக ஐந்து முதல் ஆறு வருடம் எடுக்கும். படிப்புக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் அனேகமாகப் பல்கலைக்கழகமே பார்க்கும், பதிலுக்கு இளநிலை மாணவருக்கு ஆய்வுகூட வகுப்பும் பயிற்சி வகுப்பும் எடுக்க வேண்டும். படிப்பிக்க ஆசைப்படுபவருக்கு அது வரவேற்கத்தக்க வேலைதான். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுமாணியை முடித்திருக்கக் கேட்பார்கள், அதன்பின் மூன்று அல்லது நான்கு வருடம். இந்தியாவும் நல்ல தெரிவு. புனேயிலுள்ள ஐயூகா நிலையம், பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் இரண்டும் இந்தத் துறைக்கென்றே நடப்பவை. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் அவதான நிலையமும் பெங்களூர் நிறுவனத்தினுடையதுதான். அங்கே 2.3 மீற்றர் தொலைகாட்டி இருக்கிறது.

இலங்கைக்குள் கருவி வசதி குறைவு. மொரட்டுவை கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் 1996இல் ஜப்பான் நன்கொடையாகத் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. பட்டப்படிப்பின் இறுதிவருட ஆய்வுக்கு அது பயன்படும், வாழ்நாள் ஆராய்ச்சிக்கு அது போதாது. எனவே இந்த வழியில் போனால் குறைந்தது பத்து வருடம் ஊருக்கு வெளியே. திரும்பி வந்தாலும் கிழக்குப் பல்கலைக்கழகமுள்ள வந்தாறுமூலை, யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு போன்ற இடங்களில் பௌதிகவியல் விரிவுரையாளர் பதவிதான் சாத்தியம். திருகோணமலை கோணேசபுரியில் பிரயோக விஞ்ஞான பீடம் இருப்பதால் ஊருக்குள்ளேயும் ஒரு சிறிய வாய்ப்பு உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

இந்த வழியில் மேடைக்கு என்ன ஆகிறது? கலாநிதிப் படிப்பின் முதல் இரண்டு வருடம் ஒன்றும் நடக்காது. அதன்பின் லண்டன், ரொறன்ரோ போன்ற நகரங்களில் புலம்பெயர் தமிழரின் நாடகக் குழுக்களோடு சேரலாம். ஆனால் எந்த நகரத்தில் இடம் கிடைக்கும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. தமிழே கேட்காத ஒரு சிறு பல்கலைக்கழக ஊரில் ஆறு வருடம் இருக்க நேரலாம்.

இங்கே பிழை நேரும் இடங்கள் மூன்று. முதலாவது ஆங்கிலம். உயர்தரத்தைத் தமிழில் செய்துவிட்டு, முதல் வருட விரிவுரையை ஆங்கிலத்தில் கேட்கும்போது பலர் கணிதத்தில் அல்ல, மொழியில்தான் விழுகிறார்கள். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மாதக்கணக்கில் இடைவெளி கிடைக்கும். அந்த மாதங்களில் உயர்தரப் பௌதிகவியலையே ஓர் ஆங்கிலப் பாடநூலில் மறுபடி படித்துத் தீர்ப்பதுதான் மிகப் பயனுள்ள தயார்ப்படுத்தல். இரண்டாவது, மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியேறுவது. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டத்தை எதிர்பார்க்கும். சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு ஆரம்ப வருடங்களின் புள்ளியில் நடப்பதால், "முதல் வருடம் நாடகம், பிறகு படிப்பு" என்று நினைப்பவர் கதவை மூடிக்கொள்கிறார். மூன்றாவது, சிபாரிசுக் கடிதம். மூன்று பேர் எழுத வேண்டும். உங்களோடு ஓர் ஆய்வுவேலை செய்தவர் எழுதும் கடிதத்துக்கும், பரீட்சைப் புள்ளியை மட்டும் தெரிந்தவர் எழுதும் கடிதத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

இரண்டாம் வழி: ஊரில் ஆசிரியர், இரவில் வானம், மாலையில் அரங்கு

பட்டதாரி விஞ்ஞான ஆசிரியராக இலங்கை ஆசிரியர் சேவையில் சேர்ந்து, பட்டப்பின் கல்வி டிப்ளோமாவையும் பகுதிநேரமாக முடித்து, மற்ற இரண்டையும் சம்பளம் எதிர்பாராமல் ஆனால் தொழில்முறை ஒழுங்கோடு செய்வது. எங்கள் கணிப்பில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது இதுதான். ஆகவே இதை விரித்துச் சொல்கிறோம்.

தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போய் இரண்டு வருடப் படிப்பும் ஒரு வருடப் பாடசாலைப் பயிற்சியும் முடித்தும் ஆசிரியராகலாம். நியமனம் விரைவாகக் கையில் வரும். ஆனால் அது பௌதிகவியல் பட்டமல்ல, அதிலிருந்து முதல் வழிக்குப் பாலம் இல்லை. வீட்டுப் பொருளாதாரம் அவசரப்படுத்தாவிட்டால் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தையே எடுங்கள். அதைக் கையில் வைத்திருப்பவர் ஆசிரியராக இருந்துகொண்டே இருபத்தெட்டு வயதிலும் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

பாடசாலை காலை 7.30இலிருந்து 1.30 வரை. காகிதத்தில் பார்த்தால் பிற்பகல் முழுவதும் சும்மா கிடக்கும். உண்மையில் அந்த இடத்துக்கு ஒரு போட்டியாளர் காத்திருக்கிறார்: ரியூசன். உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியருக்கு மூன்று மணிக்கே வகுப்பு தயார். சனி ஞாயிறும் நிரம்பிவிடும், பணமும் சம்பளத்தைத் தாண்டலாம். ஒத்திகை நேரமும் ரியூசன் நேரமும் ஒன்றேதான். இந்த வழியை எடுத்தவரின் வானியலையும் நாடகத்தையும் அழிப்பது பாடசாலை வேலையல்ல, இந்த நான்காவது தொழில்தான். வீட்டுச் செலவுக்கு ரியூசன் தேவையென்றால் ஞாயிறு காலையோடு நிறுத்துங்கள், கிழமை நாள் மாலைகளைத் தொடவே வேண்டாம். முதல் நாளே இந்த எல்லையைப் போடாவிட்டால் பிறகு போட முடியாது. பிள்ளைகளின் பரீட்சையை முன்வைத்துப் பெற்றோர் கேட்கும்போது மறுப்பது லேசான காரியமல்ல.

இரண்டாவது ஆபத்து நியமன இடம். மாவட்டத்துக்குள்தான் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு, பிறகு வெருகலிலோ ஈச்சிலம்பற்றிலோ போய் நின்றால், நகரத்துக் குழுவோடு கிழமைக்கு மூன்று மாலை ஒத்திகை பார்க்க முடியாது. அப்படி நேர்ந்தால் நகரத்தை நினைத்து ஏங்காமல் அந்தப் பக்கத்துக் கூத்தோடு சேர்ந்துவிடுவது நல்லது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் இருக்கும் ஊரில், சட்டங் கொடுப்பதிலிருந்து (நடிகருக்கு அவரவர் பகுதியைக் கையளிப்பது) சதங்கை அணிவித்து, அடுக்குப் பார்த்து (இறுதி ஒத்திகை), களரி என்ற கூத்து மேடை ஏறும் வரைக்குமான மாதங்கள் ஒரு நடிகருக்குத் தரும் கால்வேலையும் மூச்சுக் கட்டுப்பாடும் நகரத்துப் பட்டறையில் கிடைக்காது. வெளிச்சம் குறைந்த அந்த ஊர்களில் வானமும் நன்றாகத் தெரியும்.

இனி நேரக் கணக்கு. நாற்பது நிமிட நாடகம் ஒன்றை ஒழுங்காக மேடையேற்ற எட்டு வாரம், கிழமைக்கு மூன்று மாலை, ஒவ்வொரு மாலையும் இரண்டரை மணி என்று வையுங்கள். 60 மணி வருகிறது. வருடத்துக்கு இரண்டு தயாரிப்புக்கு மேல் ஒரு ஆசிரியர் ஏற்றுக்கொண்டால் ஏதோ ஒன்று கெடும். அந்த இரண்டில் ஒன்றாகத் தமிழ்மொழித் தினப் போட்டிக்கான மாணவர் நாடகத்தை எடுத்தால் பாடசாலையும் உங்கள் பக்கம் நிற்கும்.

வானத்துக்கும் அரங்குக்கும் இடையிலான பங்கீட்டை நிலா செய்துதரும். பௌர்ணமியை ஒட்டிய பத்து நாளும் மங்கலான நட்சத்திரங்களைப் பார்க்க உதவாது. ஒத்திகையை அங்கே குவியுங்கள். போயா விடுமுறையும் அதற்குள்தான் வரும். அமாவாசையை ஒட்டிய பத்து நாளும் வானத்துக்கு. இது மாசி முதல் புரட்டாதி வரைக்கும் நன்றாக நடக்கும். ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை, அவதானிப்பை மறந்துவிட்டுத் தரவு வேலைக்கும் எழுத்துக்கும் அந்த மாதங்களை ஒதுக்கலாம்.

திருகோணமலையிலிருந்து செய்யக்கூடிய உண்மையான வானியல் எது என்று கேட்பவருக்கு ஒரு திட்டவட்டமான உதாரணம். திருவோணம், அதாவது ஆல்டேர், நம் ஊரின் உச்சியிலிருந்து அரைப் பாகைக்கும் குறைந்த தூரத்தில் கடந்துபோகிறது. அதிலிருந்து தெற்கே ஏறத்தாழ எட்டுப் பாகை தள்ளி, நீட்டிய கையின் ஒரு முட்டியகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், ஈற்றா அக்குவிலே என்ற நட்சத்திரம் இருக்கிறது. அது ஒரு செபீட் மாறுநட்சத்திரம். 7 நாள் 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதன் பிரகாசம் ஏறத்தாழ 3.5 பருமனிலிருந்து 4.3 வரை இறங்கி மறுபடி ஏறும் (பருமன் என்பது பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்). வெறுங்கண்ணே போதும். பக்கத்திலுள்ள பீற்றா அக்குவிலே என்ற நட்சத்திரத்தின் பருமன் 3.7, அயோற்றா அக்குவிலேயினது 4.4. ஒவ்வொரு தெளிந்த இரவும் ஈற்றா இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது என்று பத்தில் ஒரு பங்காக மதிப்பிட்டு, நேரத்தோடு குறியுங்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் இரவு ஒன்பது மணியளவில் அது ஏறத்தாழத் தலைக்கு மேல் நிற்கும், ஆகவே வளிமண்டலம் விழுங்கும் ஒளி மிகக் குறைவு. இருபது அவதானிப்பு சேர்ந்ததும், எல்லா நாட்களையும் 7.18 நாள் நீளமான ஒரே வட்டத்துக்குள் மடித்து வரைந்தால் வேகமாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவு தெரியத் தொடங்கும்.

இதில் வழக்கமாக நடக்கும் பிழை, முந்திய இரவின் எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த எண்ணை எழுதுவது. கண் எதிர்பார்த்ததையே காணும். அதனால் மாணவர் குழு செய்தால் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதி, மாத முடிவில்தான் ஒப்பிட வேண்டும். 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறுநட்சத்திர அவதானிப்பாளர் சங்கம் இப்படியான அவதானிப்புகளை உலகம் முழுவதிலிருந்தும் ஏற்றுக்கொள்கிறது. வானியலாளர் ஹென்ரியெற்றா லெவிற் 1912இல் வெளியிட்ட, பிரகாசத்துக்கும் அது ஏறி இறங்கும் காலத்துக்கும் இடையிலான தொடர்பு இந்த வகை நட்சத்திரங்களிலிருந்தே வந்தது. பிள்ளைகள் தாங்களே வரைந்த வளைவை வைத்துக்கொண்டு அந்தப் பாடத்துக்குள் போகலாம்.

அடுத்த படி கணினி. 2018இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலத்தின் ஒளிவளைவுக் கோப்புகளும் (நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டுபவை) கையா விண்கலத்தின் அட்டவணைகளும் எவருக்கும் இலவசம். ஒரு நட்சத்திரத்தின் டெஸ் ஒளிவளைவு சில மெகாபைற்றுக்குள் அடங்கும், கைப்பேசித் தரவிலேயே இறக்கலாம். கமெரா எடுத்த முழுச் சட்டகப் படங்களை இறக்கப் போனால் தரவுப் பொதி ஒரே இரவில் முடிந்துவிடும், அதைத் தவிருங்கள். பைதன் மொழியும் அஸ்ட்ரோபை, லைட்கேர்வ் என்ற இரண்டு தொகுப்புகளும் போதும். தனியாகச் செய்து ஒரு கட்டுரையாக்குவது கடினம் என்பதால், பட்டப்படிப்பு மேற்பார்வையாளரோடு உறவை விட்டுவிடாதீர்கள். வருடத்துக்கு ஒரு சிறு வேலையாவது அவரோடு சேர்ந்து முடிந்தால், பிறகு முதல் வழிக்குத் தாவ நினைக்கும்போது அந்தச் சிபாரிசுக் கடிதம் உயிரோடிருக்கும்.

தொலைகாட்டி வாங்க நினைப்பவருக்கு: 200 மில்லிமீற்றர் டொப்சோனியன் (எளிய தாங்கியில் நிற்கும் ஆடித் தொலைகாட்டி) ஒன்று பாடசாலைக்கும் உங்களுக்கும் போதும். ஆனால் கடற்கரை ஊரில் அதைத் தின்பது ஈரமும் உப்பும். கண்வில்லைகளில் பூஞ்சணம் பிடித்தால் பூச்சையே அரித்துவிடும். காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்துங்கள். ஆடியைத் துணியால் துடைக்கவே கூடாது.

குரலைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் இந்த வழியில் முதலில் உடைவது அதுதான். அரைச்சுவர் வகுப்பறையில் மின்விசிறிச் சத்தத்தையும் பக்கத்து வகுப்பையும் தாண்டி ஐந்தாறு பாடவேளை பேசிவிட்டு, மாலையில் ஒலிவாங்கி இல்லாத மண்டபத்தில் வசனம் பேசினால் குரல்நாண் வீங்கும். கட்டிய குரலோடு கிசுகிசுத்துச் சமாளிப்பது இன்னும் கெடுக்கும். ஒத்திகைக்கு முன் பத்து நிமிடம் முணுமுணுப்பிலிருந்து தொடங்கிக் குரலைச் சூடாக்குங்கள், மேடையேற்றத்துக்கு முந்திய இரண்டு வாரம் ரியூசனை முற்றாக நிறுத்துங்கள், கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் காது மூக்குத் தொண்டை வைத்தியரைப் பாருங்கள்.

நடிப்புப் பயிற்சி வகுப்பறைக்குத் தரும் பெரிய உதவி, பொறுத்து நிற்கும் பழக்கம். உதாரணமாக, ஏப்ரல் 12ஐ ஒட்டி சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் வரும். மதியம் 12.06 அளவில் நிமிர்த்தி நட்ட குழாயின் நிழல் அடியோடு மறையும். ஆகஸ்ட் 31ஐ ஒட்டி இன்னொரு முறை. நடிகராகவும் இருக்கும் ஆசிரியர் இதை ஒரு காட்சியாக்கிவிடத் துடிப்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஒன்றும் படிக்கமாட்டார்கள். 11.30க்கே ஒவ்வொருவரையும் நிழலின் நுனி எங்கே போகும் என்று சுண்ணக்கட்டியால் குறிக்கவைத்து, பிறகு வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். எப்போது பேசாமல் இருப்பது என்பதை மேடைதான் பழக்குகிறது.

மூன்றாம் வழி: முதலில் அரங்கியல் பட்டம்

மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் நாடகமும் அரங்கியலும் பட்டமாகக் கற்பிக்கின்றன. அரங்கையே வாழ்க்கையாக எடுப்பவருக்கு இது சரியான வழி. பட்டத்தின்பின் நாடகமும் அரங்கியலும் பாட ஆசிரியராகலாம். தமிழ் மேடையிலிருந்து மட்டும் மாதச் சம்பளம் எடுப்பது நாட்டில் மிக அரிது.

மூன்றும் வேண்டும் என்பவருக்கு இதை நாங்கள் சொல்லமாட்டோம். பௌதிகவியலிலிருந்து அரங்குக்கு வர டிப்ளோமாவும் முதுமாணியும் பட்டறையும் உண்டு. அரங்கிலிருந்து பௌதிகவியலுக்கு ஏறக்குறைய ஒரே கதவு திறந்த பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானமாணி, அதுவும் உயர்தரக் கணிதம் கையிலிருந்தால்தான் தாக்குப்பிடிக்கலாம்.

நான்காம் வழி: விஞ்ஞானத் தொடர்பாளர்

பாடசாலை பாடசாலையாக விஞ்ஞான நாடகம், இரவு வான்காட்சி, காணொளி, கருத்தரங்கு. மூன்று ஆசைகளும் ஒரே வேலையில் சேர்வது இங்கே மட்டும்தான் என்பதால் மனம் இதில் வேகமாக ஒட்டும். வருமானம் திட்டத்துக்குத் திட்டம் வரும், நடுவில் மாதக்கணக்கில் வராது. இந்த வேலைக்கு வரும் நாடகங்களில் பெரிய குறை, ஒரு பாத்திரம் நடுமேடையில் நின்று பாடம் நடத்துவது. உண்மையை அறிந்தவருக்கும் அதைத் தடுப்பவருக்கும் இடையே, அல்லது அளந்ததை நம்புவதா நம்பியதை அளப்பதா என்று தவிப்பவருக்கு உள்ளேயே மோதல் இல்லாவிட்டால் அது வேடம் போட்ட விரிவுரை. நல்லதைச் செய்ய அறிவியலும் மேடையும் இரண்டும் முற்றியிருக்க வேண்டும். ஆகையால் இதை இருபத்திரண்டில் தொடங்குவதைவிட, இரண்டாம் வழியில் சில வருடம் நின்றபின் தொடங்குவது நல்லது.

இந்த மண்ணில் இது புதிய சேர்க்கையும் அல்ல. சுவாமி விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியர், திருகோணமலை இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் சார்பில் பொறுப்பெடுத்து நடத்தியவர். அவர்தான் 1926இல் நாடகவியல் நூலான மதங்க சூளாமணியை எழுதினார், 1947இல் இசைச் சுரங்களைக் கணிதத்தால் ஆராயும் யாழ் நூலை வெளியிட்டார். மண் சுமந்த மேனியர் என்ற நாடகத்தைத் தந்த குழந்தை ம. சண்முகலிங்கமும் தொழிலால் ஆசிரியர். இருவருக்கும் வகுப்பறைதான் நிலையான காலடி.

யார் எதை எடுப்பது

கணிதத்தில் தனியே மணிக்கணக்காக உட்காரும்போது களைப்பு வராமல் இருக்கிறது, ஊரை விட்டுப் பத்து வருடம் இருக்கக் குடும்பச் சூழலும் விடுகிறது என்றால் முதல் வழி. அதில் நாடகத்தைத் தற்காலிகமாக விடுவதை ஏற்றுக்கொண்டே போக வேண்டும். இந்த இரண்டில் ஒன்றுக்காவது உங்கள் பதில் "இல்லை" என்றால் இரண்டாம் வழி, ஆனால் சிறப்புப் பட்டத்தோடு. மேடையேறாத வருடம் வீணான வருடம் என்று உடம்பே சொல்பவர் மூன்றாம் வழியை எடுத்துவிட்டு, வானத்தை ரசிகராகப் பார்க்கட்டும். பாதி மனதோடு பௌதிகவியலில் நான்கு வருடம் கழிப்பதைவிட அது நேர்மையான தெரிவு.

இரண்டாம் வழிக்குத் தீர்மானித்தவர் நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைக்குமுன் மூன்று விஷயத்தை வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் பாடசாலையில் எத்தனை வருடம் கட்டாய சேவை, உயர்கல்விக்கு விடுமுறை எடுக்கும் நிபந்தனை என்ன, பிரதிபலனாகப் பிறகு எத்தனை வருடம் சேவை செய்ய வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு இன்னும் போகாதவர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைந்நூலை முதலில் எடுத்து, பௌதிக விஞ்ஞானம் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களில் எவற்றில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் உண்டு என்று பார்த்து, விருப்பத்தெரிவு வரிசையை அதன்படி நிரப்புங்கள். வீட்டுக்குக் கிட்ட என்ற காரணத்துக்காக அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.